குடித்ததையெல்லாம் கக்கும் பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுப்பது எப்படி?

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு நேற்று இரவிலிருந்து வாந்தி, பேதி. அவன் வகுப்பில் நாலைந்து பேருக்கு இப்படித்தானாம். ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் கக்கிவிடுகிறான். பேதி நிற்க மாத்திரை தரலாமா? வீட்டில் 70 வயது மாமியார் இருக்கிறார், அவருக்கும் தொற்றிவிடுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: வகுப்பில் பலருக்கு ஒரே நேரத்தில் என்றால் நோரோ வைரஸ் போன்ற ஒன்றாக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் தானாக அடங்கும். ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. உடம்பிலிருந்து போகும் தண்ணீரையும் உப்பையும் ஈடு செய்வதுதான் வைத்தியம்.

கக்குகிறான் என்றால், தாகத்தில் தம்ளரோடு மடமடவென்று குடித்திருப்பான். வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் ட்ரிப்ஸ் ஏற்றாமல் சமாளிக்க இதுவே வழி. வயிற்றில் தங்க ஆரம்பித்ததும் அளவைக் கூட்டலாம். ஒவ்வொரு முறை பேதி போனபின்னும் 100 முதல் 200 மில்லி உள்ளே போக வேண்டும்.

கலக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை அப்படியே ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் கொட்ட வேண்டும். தம்ளருக்குக் கொஞ்சம் என்று கைக்கணக்கில் போட்டால் உப்பு கூடிக் குறையும். குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும்போதுதான் தண்ணீரும் கூடவே இழுபடும். விகிதம் கெட்டால் பலன் கெடும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

இன்னொன்று: மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி டெட்ரா பேக்கில் விற்ற பழச்சுவை பானங்கள் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு. அது பேதியைக் கூட்டத்தான் செய்யும். பானங்களுக்கு அந்தப் பெயர் வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. கவரில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். இளநீர், மோர், கஞ்சித் தண்ணீர் கூடவே தரலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக அல்ல. பசித்தால் இட்லி, ரசம் சாதம் கொடுங்கள், பட்டினி போட வேண்டாம். 14 நாளுக்கான துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் உள்ளே போயிருக்கிறது, எழுப்பினாலும் துவள்கிறான், மலத்தில் ரத்தம், ஸ்பூனில் கொடுத்ததுகூட வயிற்றில் தங்கவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமியாருக்குத் தொற்றலாம்தான். சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். வாந்தியைப் பேப்பரால் வழித்தெடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி ஐந்து சதவீத ப்ளீச் திரவம் கலந்து அந்த இடத்தில் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அதோடு டாய்லெட் கிளீனரைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். மகனைப் பேதி நின்று இரண்டு நாள் கழித்தே பள்ளிக்கு அனுப்புங்கள். உங்களுக்கும் வந்தால், நின்று இரண்டு நாள் ஆகும்வரை வேறு யாராவது சமைக்கட்டும். மாமியாருக்கு ஆரம்பித்துவிட்டால், அவர் ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவரா என்று பாருங்கள். அப்படியென்றால் அன்றே மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.