பரீட்சைக் கவலையால் பிள்ளைகளுக்குத் தோலில் அரிப்பும் பருவும் வருமா?

மகள் பத்தாவது, பரீட்சை நெருங்க நெருங்க முகத்தில் பருவும் கழுத்தில் அரிப்பும் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை அதைக் கூட்டும். இதற்குள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லி அவளையே குற்றவாளி ஆக்கியிருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது என் மகள் ஒன்பதாவது. ராத்திரியில் மாடி வீட்டுக்கு ஓடினோம். அவள் நோட்டு, புத்தகம் எல்லாம் போச்சு. அப்புறம் குரோம்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்தோம். சின்ன வயதில் வந்து மறைந்த கரப்பான் என்கிற அரிப்புத் தோல்நோய் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் திரும்ப வந்தது. சாக்கடைத் தண்ணீரில் நின்றால் சொறி வரத்தானே செய்யும் என்பீர்கள். காலில் வந்தது அப்படித்தான், களிம்பு போட்டதும் போய்விட்டது. இது வெள்ளம் வடிந்து பல மாதம் கழித்து வந்தது. வானம் இருட்டினால் போதும், அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சொறிவாள்.

கத்திரிக்காயை நிறுத்து, கருவாட்டை நிறுத்து என்றார்கள். நாத்தனார் மெடிக்கல் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கி வந்தார். பார்த்தால் ஸ்டீராய்டு கிரீம். அதைத் தொடவிடவில்லை. 2018ல் 14 ஸ்டீராய்டு கிரீம்களுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம் என்று மத்திய அரசே சொல்லிவிட்டது, இருந்தும் வாய்வார்த்தையில் கொடுக்கிறார்கள். டாக்டர் அளவு சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். கண்டபடி முகத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும்.

தோல் டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம், "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார். அங்கேதான் முதன்முதலாக வெள்ளத்தைப் பற்றி வாய் திறந்தாள். பயத்திலும் கவலையிலும் சுரக்கிற கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் தோலின் காப்பைத் தளர்த்திவிடும், அரிப்பு கூடும், சொறியச் சொறியப் புண்ணாகும், தூக்கம் கெட்டுக் கவலை இன்னும் ஏறும் என்று விளக்கினார். பருவும் இப்படித்தான். சிங்கப்பூரில் 94 பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2007ல் வெளிவந்தது. பரீட்சை நேரத்தில் பரு கடுமையானது, ஆனால் முகத்தின் எண்ணெய்ப் பசை பெரிதாகக் கூடவில்லை. முகம் கழுவவில்லை என்று திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

எல்லா அரிப்புக்கும் மனசுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொறிசிரங்கு, படர்தாமரையும் இருக்கலாம், டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் கவலைக்கு இன்னொரு காரணம் வாடகை வீட்டு ஓனர். பத்து மாச வாடகை அட்வான்ஸில், வெள்ளத்தில் கறைபட்ட சுவருக்குப் பெயிண்ட் அடித்த செலவை எங்களிடமே பிடித்துக்கொண்டார். கேட்க நாதியில்லை. பிள்ளைகள் காதில் இதெல்லாம் விழாமலா இருக்கும்?

சென்னை சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போங்கள். மருந்து அதுபாட்டுக்கு நடக்கட்டும். அவளிடம் மார்க்கைப் பற்றிப் பேசாமல் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்கினால் 104க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், பரீட்சை பயத்துக்கு அங்கே ஆலோசனை கிடைக்கும்.