அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் விவசாயிகளுக்கு ஆலோசகர்களை அனுப்பும் வழக்கம் எப்படி வந்தது?

வேளாண் படிப்பின் கடைசி ஆண்டில் எங்களைக் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்க அனுப்பினார்கள். நெல் வயலில் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, "பயிர் நல்ல பச்சையாக இருக்கிறது ஐயா, இந்த முறை யூரியா வேண்டாம்" என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி தம்பி, போடாம விடுறேன். மூட்டை குறைஞ்சா யாரு குடுப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு வேளாண் விரிவாக்கத்தின், அதாவது ஆராய்ச்சியில் கண்டதை உழவரிடம் கொண்டு சேர்க்கும் பணியின், வரலாற்றைப் படித்தபோதுதான், நீங்கள் கேட்கும் இந்த முறை அதே கேள்வியிலிருந்து வளர்ந்தது என்று தெரிந்தது.

அமெரிக்காவில் 1862-லேயே லிங்கன் கையெழுத்திட்ட ஒரு சட்டப்படி மாநிலங்களுக்கு அரசு நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் வேளாண் கல்லூரிகள் எழும்பின. 1887-இல் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் நிதி வந்தது. ஆராய்ச்சி நடந்தது, அறிக்கைகள் அச்சாயின. உழவர் வயலில் பெரிய மாற்றம் இல்லை.

1890-களில் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் வந்த காய்க் கூன்வண்டு பருத்தியை அழிக்கத் தொடங்கியது. 1900-களின் தொடக்கத்தில், எழுபதை எட்டிக்கொண்டிருந்த சீமன் நாப் என்பவர் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக அங்கே வேலை செய்தார். அரசே செலவு செய்து நடத்திய மாதிரிப் பண்ணைகளை உழவர்கள் பார்த்தார்கள், ஆனால் பின்பற்றவில்லை. சர்க்கார் பணத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்பது அவர்கள் எண்ணம். அதனால் 1903-இல் டெரல் என்ற ஊரில் நாப் வேறு வழியை எடுத்தார். வால்டர் போர்ட்டர் என்ற விவசாயி தன் சொந்த நிலத்தில், நாப் சொன்னபடி தானே பயிர் செய்ய வேண்டும். நட்டம் வந்தால் ஈடு கட்ட, ஊர் வியாபாரிகளே சேர்ந்து பணம் திரட்டி வைத்தார்கள். மூட்டை குறைந்தால் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு விதைப்புக்கு முன்பே பதில் இருந்தது! அந்தப் பருவத்தில் போர்ட்டருக்கு வழக்கமான முறையைவிட 700 டாலர் கூடுதலாகக் கிடைத்தது. ஈட்டுப் பணத்தைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

எங்கள் பெரியவரும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். மடையோரம் 10 சென்ட்டை மட்டும் யூரியா இல்லாமல் விட்டுப் பார்த்தார். மூட்டை குறையவில்லை. அடுத்த பட்டத்துக்கு அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டெரலுக்குப் பிறகு வேகம் பிடித்தது. 1906-இல் டெக்சாஸின் ஸ்மித் கவுண்டியில் ஒரே கவுண்டிக்கென்று முதல் ஆலோசகர் வந்தார். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1906-இல் அலபாமாவில் நடந்ததுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. டஸ்கிகீ கல்லூரியில் வேளாண் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் யோசனையில், கலப்பை, விதை, பால் கடையும் கருவி எல்லாம் ஏற்றிய ஒரு வண்டி தயாரானது. பணம் கொடுத்தவர் பெயரால் அதற்கு ஜெசப் வண்டி என்று பெயர். தாமஸ் கேம்பெல் என்ற கறுப்பின இளைஞர் அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அங்கிருந்த கறுப்பின உழவர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில் விளைச்சலைப் பங்கு போட்டு, வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். அறிக்கையை அனுப்பிப் பயனில்லை, ஆளே போக வேண்டியிருந்தது.

1914-இல் ஸ்மித் லீவர் சட்டம் இதையெல்லாம் நாடு முழுவதற்குமான ஏற்பாடாக மாற்றியது. மத்திய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், கவுண்டி மூன்றும் செலவைப் பகிர்ந்தன. நாப் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1911-இலேயே இறந்துவிட்டார். ஆனால் தென் மாநிலங்களில் வெள்ளையருக்குத் தனி ஆலோசகர், கறுப்பினத்தவருக்குத் தனி ஆலோசகர் என்ற பிரிவினை 1960-கள் வரை நீடித்தது. கறுப்பின ஆலோசகர்களுக்குச் சம்பளமும் குறைவு. இதை விட்டுவிட்டு இந்த முறையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், இந்தியா. 1960-இல் பந்த்நகரில் தொடங்கிய நம் வேளாண் பல்கலைக்கழகங்கள் அந்த அமெரிக்க மாதிரியில் வந்தவை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1971-இல் உருவானது. புதிய முறைகளை விவசாயிகளுக்குச் சொல்லித்தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவது 1974-இல் புதுச்சேரியில் அமைந்தது. அங்கே இன்றும் விவசாயியின் சொந்த வயலில்தான் செயல்விளக்கத் திடல் போடுகிறார்கள். ஆனால் ஊர்தோறும் விவசாயியைச் சந்திக்கும் வேலை இங்கே மாநில வேளாண் துறையிடம் இருக்கிறது. அமெரிக்காவில் கவுண்டி ஆலோசகர் பல்கலைக்கழகத்தின் ஆள். வயலில் கண்ட பூச்சியை நேராகத் தன் ஆராய்ச்சியாளரிடம் கொண்டு போக முடியும். நமக்கு அந்த ஒரு இணைப்பு வலுவாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.