மச்சானின் ஒசாகா ‘ஹோட்டல்’: 25 லட்சம் யென் கொடுக்கலாமா?

கேள்வி: டோக்கியோ நிஷி கசாயில் மனைவி, குழந்தையுடன் இருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை, இன்ஜினியர் விசா. மாதம் 4.2 லட்சம் யென் கைக்கு வருகிறது, ஆண்டுக்கு இரண்டு போனஸ். ஒசாகாவில் இருக்கும் என் மச்சான் (மனைவியின் அண்ணன்) நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒரு வீட்டை ‘மின்பாகு’வாக, அதாவது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். அதற்கு ஏசி, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் என் கார்டில்தான் வாங்கினோம். அந்த 9 லட்சம் யென் ரிபோவில் (வாங்கியது எவ்வளவானாலும் மாதம் ஒரே தொகை கட்டும் கார்டு சுழல்கடன்) ஓடுகிறது, மாதம் 20,000 கட்டுகிறேன். இப்போது இரண்டாவது வீட்டுக்கு 25 லட்சம் கேட்கிறார். 15 லட்சம் வங்கி கார்டு லோன், மீதிக்கு ஊரில் அம்மா நகையை வைக்கலாம் என்பது அவர் யோசனை. ஆண்டுக்கு 12 சதவீதம் வரும் என்கிறார். சேமிப்பில் 7 லட்சம் இருக்கிறது. போடலாமா? அல்லது ஹோட்டல் ரீட் (ஹோட்டல் கட்டடங்களில் முதலீடு செய்து, பங்குச்சந்தையில் யூனிட்டாக விற்கும் நிதி) வாங்கட்டுமா?

பதில்: ஜப்பான் சுற்றுலா வளர்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. 2024ல் சுமார் 3.69 கோடி வெளிநாட்டவர் வந்தார்கள். 2030க்குள் 6 கோடி என்பது அரசின் இலக்கு. மச்சான் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சுற்றுலா அல்ல, அந்த ரிபோ.

ரிபோ வட்டி பெரும்பாலும் 15 சதவீதம். 9 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 11,250 யென். நீங்கள் கட்டும் 20,000ல் அசலுக்குப் போவது 8,750. இப்படியே போனால் முடிய ஐந்தரை வருடம் ஆகும். மொத்தம் 13 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அதற்குள் அந்த வாஷிங் மெஷினைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இன்னொரு பக்கம், அரை சதவீதம்கூட வட்டி தராத கணக்கில் 7 லட்சத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மாதம் 20,000தானே என்று தோன்ற வைப்பதில்தான் கார்டு நிறுவனத்தின் வியாபாரமே இருக்கிறது.

இனி இரண்டாவது வீடு. ஆண்டு முழுக்க வீடு நிறையும் என்பது மச்சானின் கணக்கு. மின்பாகு சட்டம் 2018 ஜூனில் வந்தது. அதன்படி ஆண்டுக்கு 180 நாள்தான் வாடகைக்கு விடலாம். ஆண்டு முழுக்க விட விடுதித் தொழில் உரிமமோ ஒசாகாவின் சிறப்பு மண்டல அனுமதியோ வேண்டும். குப்பை, இரைச்சல் என்று அக்கம்பக்கத்தார் புகார் குவிந்ததால், அந்த மண்டல அனுமதிக்கான புது விண்ணப்பங்களை 2026 மே மாதத்தோடு நிறுத்துவதாக ஒசாகா நகராட்சி அறிவித்துவிட்டது. ‘கதவு மூடுவதற்குள் போட்டுவிட வேண்டும்’ என்று அவர் அவசரப்படுத்துவது அதனால்தானே? அனுமதி கையில் இல்லாதவரை 180 நாளை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஓர் இரவுக்கு 25,000 யென், 180 இரவும் நிறைந்தன என்று தாராளமாகவே வைப்போம். வரவு 45 லட்சம். வீட்டு வாடகை மாதம் 1.5 லட்சம் என்றால் ஆண்டுக்கு 18 லட்சம். புக்கிங் தளக் கமிஷன் 15 சதவீதம், சுமார் 6.75 லட்சம். சொந்தக்காரர் அங்கே தங்காவிட்டால் பதிவு பெற்ற நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். அதற்கு 20 சதவீதம், 9 லட்சம். இரண்டு இரவுக்கு ஒருமுறை துப்புரவும் விரிப்பு மாற்றமும், தடவைக்கு 8,000 வீதம் 7 லட்சம் சொச்சம். மிச்சம் 4 லட்சம். கரண்ட், தண்ணீர், வைஃபை, காப்பீடு, தீயணைப்புத் துறை கேட்கும் அலாரம் எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. அந்த மிச்சத்தை இரண்டு மூன்று பேர் பங்கு போட வேண்டும்.

உங்கள் பக்கத்து வட்டியையும் பாருங்கள். கார்டு லோன் 15 லட்சத்துக்கு 14 சதவீதம் என்றால் 2.1 லட்சம். நகைக்கடன் சுமார் ஒரு லட்சம். பழைய ரிபோ 1.35 லட்சம். ஆக 4.45 லட்சம். வீடு முழுக்க நிறைந்தாலும் வட்டிக்கே போதாது.

நகைக்கடனில் இன்னொரு சிக்கல். 2020ல் 70 பைசா இருந்த யென் 2024ல் 55 பைசாவை ஒட்டி இறங்கியது. யென் இறங்கியதால்தான் ஹோட்டல்கள் நிறைந்தன. அதே யென்னில் சம்பாதித்து ரூபாயில் கடன் கட்டுபவருக்குச் சுமை ஏறியது. யென் ஏறினால் கடன் லேசாகும், அறை காலியாகும். அம்மாவின் நகை அங்கேயே இருக்கட்டும்.

பெயரை மட்டும் போடுங்கள் என்று அனுமதியை உங்கள் பெயரில் எடுக்கப் பார்த்தால் உடனே மறுத்துவிடுங்கள். இன்ஜினியர் விசாவில் தொழில் நடத்த முடியாது. தொழில் விசாவுக்கான மூலதன வரம்பை 2025 அக்டோபரில் 50 லட்சத்திலிருந்து 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள்.

ரீட்? மச்சானின் வீட்டைவிடப் பரவாயில்லை, விற்க நினைத்தால் விற்கலாம், நிசா என்ற வரியில்லா முதலீட்டுக் கணக்கிலும் வைக்கலாம். ஆனால் எல்லோரும் ‘ஜப்பான் ஹோட்டல்’ என்று பேசும்போது கொஞ்சம் ஒதுங்கி நிற்பது என் வழக்கம். 2021ல் இந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் வெறும் இரண்டரை லட்சம் பேர். 2020ல் இன்வின்சிபிள் என்ற ஹோட்டல் ரீட் தன் அரையாண்டுப் பங்குத்தொகை மதிப்பீட்டை யூனிட்டுக்கு 1,725 யென்னிலிருந்து 30 யென்னாகக் குறைத்தது. 2025 நவம்பரில் சீன அரசு தன் மக்களை ஜப்பான் போக வேண்டாம் என்றதும், அவர்களை நம்பியிருந்த ஒசாகா இருக்கும் கான்சாய் பக்கத்து விடுதிகள் அடி வாங்கின. 15 சதவீதக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பொறுக்க முடியாது. ஆன்லைனில் பத்தாயிரம் யென்னுக்கு ‘ஹோட்டல் பங்கு’ விற்கும் கூட்டு முதலீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது. இந்த வாரமே சேமிப்பிலிருந்து 4 லட்சத்தை ரிபோவுக்குக் கட்டுங்கள். அடுத்த போனஸில் மீதி 5 லட்சம். கார்டு நிறுவனத்துக்குப் போன் செய்து ரிபோ அமைப்பையே எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை தேய்த்ததும் மறுபடி அதிலேயே போய் விழும். நாளை வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்ப்பது இந்த நிலுவையைத்தான்.

மச்சானிடம் பேசுமுன் இந்தக் கணக்கை மனைவிக்குக் காட்டுங்கள். அவருடைய அண்ணன், அவர் சொன்னால் எடுபடும், நீங்கள் சொன்னால் மனஸ்தாபம். ஏற்கெனவே போன 9 லட்சம் பங்கா, கைமாற்றா? ஒரு தாளில் எழுதி, மாதம் எவ்வளவு திருப்பித் தருகிறார் என்பதோடு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முதல் வீட்டின் ஓர் ஆண்டு வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கேளுங்கள். 12 சதவீதம் உண்மையானால் அதில் தெரியும். காட்டத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில். ரிபோ முடிந்தபின் எழுதுங்கள், ரீட் பற்றி அப்புறம் பேசலாம்.