திடீர் விடுப்பு பற்றி அறிக்கை கேட்டிருக்கிறார்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 42 பேர் பகல், இரவு என இரண்டு ஷிஃப்டுகளில் வேலை செய்கிறோம். சொல்லாமல் கொள்ளாமல் எடுக்கும் விடுப்பு அதிகமாகிவிட்டது என்று நிர்வாகம் கருதுகிறது. "ஆய்வு செய்து முறையான அறிக்கை கொடுங்கள்" என்று குழுத் தலைவரான என்னிடம் சொல்லி, மூன்று வாரம் அவகாசம் தந்திருக்கிறார்கள். இதற்கு முன் இப்படி எதுவும் எழுதியதில்லை. தகவலை எப்படித் திரட்டுவது? எந்த அமைப்பில் எழுதுவது?

பதில்: முதல் வேலை, உங்களிடம் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே தெளிவாக்கிக்கொள்வது. "விடுப்புப் பிரச்சினையைப் பாருங்கள்" என்பது கேள்வியே இல்லை. அறிக்கையைப் படித்துவிட்டு யார், எதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள்? கூடுதல் ஆள் எடுப்பதா, ஷிஃப்ட் முறையை மாற்றுவதா, விடுப்பு விதியைத் திருத்துவதா? அதைக் கேட்டு, நோக்கம், எந்தக் காலகட்டம், எந்தெந்தப் பதிவேடுகளைப் பார்க்க உங்களுக்கு அனுமதி, எந்தத் தேதிக்குள் என்பவற்றை நாலைந்து வரியில் மின்னஞ்சலாக அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அந்த மின்னஞ்சலே பிறகு உங்கள் முன்னுரையின் பாதியாகிவிடும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் கடைசி வாரத்தில் "நாங்கள் கேட்டது இது இல்லையே" என்ற பதிலைக் கேட்க நேரிடுகிறது.

மூன்று வாரத்தில் முதல் வாரம் பதிவேடுகளுக்கு, இரண்டாவது வாரம் மனிதர்களுக்கு, மூன்றாவது எழுதுவதற்கும் திருத்துவதற்கும். இந்த வரிசை முக்கியம். எண்கள் கையில் இல்லாமல் ஊழியர்களிடம் போனால் என்ன கேட்பது என்றே தெரியாது.

பதிவேடு என்ன சொல்கிறது

குறைந்தது 12 மாத வருகைப் பதிவு வேண்டும். 24 மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது. பண்டிகை, தேர்வுக் காலம், மழை போன்ற பருவ ஏற்ற இறக்கத்தை நிஜமான உயர்விலிருந்து அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். எண்ணத் தொடங்குமுன் "திடீர் விடுப்பு" என்றால் எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் தொடங்க 24 மணி நேரத்துக்குள் சொன்னது என்று வைத்தால் அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். அரை நாள் விடுப்பை எப்படிச் சேர்ப்பது, நள்ளிரவைத் தாண்டும் இரவு ஷிஃப்ட் ஒன்று பதிவேட்டில் இரண்டு நாளாக விழுகிறதா, இடையில் வேலையை விட்டவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றில்தான் ஒளிந்திருக்கும்.

விடுப்பு விகிதத்துக்கான கணக்கு எளிது: இழந்த நாட்களை, வேலை செய்திருக்க வேண்டிய மொத்த நாட்களால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். 42 பேர், ஆளுக்கு 250 வேலை நாள் என்றால் 10,500. இழந்தது 483 நாள் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 4.6 சதவீதம். ஆண்டின் நடுவில் சேர்ந்தவருக்கு 250 போடக்கூடாது. அவர் பணியில் இருந்த நாட்களை மட்டும் போட வேண்டும்.

இந்த 4.6 சதவீதத்தை அப்படியே தூக்கி அறிக்கையில் வைத்துவிடாதீர்கள். அந்த 483-இல் மூன்று பேருடைய நீண்ட மருத்துவ விடுப்பு மட்டும் 180 நாள் என்றால், மீதி 39 பேருக்கு 303 நாள்தான், விகிதம் 3.1 சதவீதமாக இறங்கிவிடும். நோய்வாய்ப்பட்ட மூவரின் பிரச்சினை வேறு, மற்றவர்களின் திடீர் விடுப்பு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஆளுக்கு இத்தனை நாள் என்று சராசரி சொல்லும் இடங்களில் இடைநிலை அளவையும் (எல்லோருடைய நாட்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பக்கத்தில் கொடுங்கள். இரண்டு நபர் சராசரியை இழுத்துக்கொண்டு போனால் அது உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, பிரித்துப் பார்ப்பது. தகவலைப் பிரிவுவாரியாகத் தொகுத்துக் காட்டும் எக்செல்லின் பிவட் டேபிள் போதும். சரியான அறிக்கையும் தவறான அறிக்கையும் பிரியும் இடம் இதுதான் என்பதால் ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். அந்த 39 பேரில் இரவு ஷிஃப்டில் 13 பேர், அவர்கள் எடுத்தது 143 நாள், ஆளுக்கு 11. பகலில் 26 பேர், 160 நாள், ஆளுக்கு 6.2. இதைப் பார்த்ததும் "இரவு ஷிஃப்ட்தான் காரணம்" என்று எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள். அதே ஆட்களைப் பணி அனுபவத்தாலும் பிரியுங்கள். இரவில் மூன்று ஆண்டுக்குக் குறைவான அனுபவம் உள்ள 8 பேர் எடுத்தது 120 நாள், ஆளுக்கு 15. பழைய 5 பேர் 23 நாள், ஆளுக்கு 4.6. பகலில் புதியவர்கள் 5 பேர் 70 நாள், ஆளுக்கு 14. பழையவர்கள் 21 பேர் 90 நாள், ஆளுக்கு 4.3. இப்போது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இருந்த வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போகிறது. புதியவர்களை இரவில் அதிகமாகப் போட்டிருந்ததால்தான் இரவு மோசமாகத் தெரிந்தது. முதல் கணக்கோடு நிறுத்தியிருந்தால் ஷிஃப்டை மாற்றச் சொல்லியிருப்பீர்கள். நிர்வாகம் செலவும் செய்திருக்கும், விடுப்பு மட்டும் குறைந்திருக்காது. ஆட்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஓரிருவர் மாறினாலே எண்கள் புரண்டுவிடும் என்பதையும் அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பொறி: "விடுப்பில் 40 சதவீதம் திங்களும் வெள்ளியும்தான்!" வாரத்துக்கு ஐந்து வேலை நாள் என்றால், இரண்டு நாளுக்கு 40 சதவீதம் வருவதுதான் இயல்பு.

பிராட்ஃபோர்ட் காரணி என்ற கணக்கை மனிதவளத் துறையில் யாராவது உங்களிடம் நீட்டக்கூடும். ஒருவர் எத்தனை முறை விடுப்பு எடுத்தார் என்பதை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை மொத்த நாட்களால் பெருக்குவது. ஒரே தடவையில் 10 நாள் எடுத்தவருக்கு 10 புள்ளி. பத்து முறை ஒவ்வொரு நாளாக எடுத்தவருக்கு 1,000. அடிக்கடி எடுக்கும் ஒருநாள் விடுப்புதான் வேலையை அதிகம் குலைக்கிறது என்ற எண்ணத்தில் எழுந்த கணக்கு இது. பிரிவின் போக்கைப் பார்க்க உதவும். ஆள்வாரியாகத் தண்டனைப் பட்டியல் போட இதைப் பயன்படுத்தினால், ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா போல விட்டு விட்டு வரும் நோய் உள்ளவர்களே முதலில் மாட்டுவார்கள்.

மனிதர்களிடம் கேட்பது

எத்தனை, எப்போது என்பதைப் பதிவேடு சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. அதற்குக் கேள்வித்தாளும் நேர்காணலும் வேண்டும்.

இங்கே உங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: நீங்கள் அந்தப் பிரிவின் குழுத் தலைவர். விடுப்பு அனுமதிக்கும் ஆளிடமே "ஏன் வரவில்லை" என்று யாரும் மனம் திறக்கமாட்டார்கள். நேர்காணலை மனிதவளத் துறையிலிருந்தோ வேறு பிரிவிலிருந்தோ ஒருவர் நடத்த ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால், நீங்களே நடத்தியதை ஆய்வின் வரம்புகளில் வெளிப்படையாக எழுதுங்கள். மறைத்தால் அறிக்கையை எதிர்ப்பவர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

இருப்பதே 42 பேர் என்பதால் மாதிரி எடுக்க வேண்டியதில்லை. கேள்வித்தாளை எல்லோருக்கும் கொடுங்கள். 10 அல்லது 12 கேள்வி போதும். "ஷிஃப்ட் நேரமும் சம்பளமும் திருப்தியாக உள்ளதா?" என்று இரண்டை ஒரே கேள்வியில் கட்டாதீர்கள், "இல்லை" என்று பதில் வந்தால் எது இல்லை என்று தெரியாது. "மோசமான ஷிஃப்ட் முறையால் எவ்வளவு பாதிக்கப்படுகிறீர்கள்?" என்று விடையைக் கேள்விக்குள்ளேயே வைக்காதீர்கள். முதலில் மூன்று பேரிடம் கொடுத்து, புரிகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். பெயர் கேட்காததாலேயே ரகசியம் காக்கப்பட்டுவிடாது: வயது, பாலினம், ஷிஃப்ட், அனுபவம் நான்கையும் கேட்டால் யார் எழுதியது என்று சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் பதிலையும் தனியாக அச்சிடாதீர்கள். 29 பேர் திருப்பித் தந்தால் "42-இல் 29 பேர், 69 சதவீதம்" என்று எழுதுங்கள். தராத 13 பேர்தான் அதிகம் விடுப்பு எடுப்பவர்களாக இருக்கவும் கூடும். அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

நேர்காணல் ஆறேழு பேரிடம், ஆளுக்கு அரை மணி நேரம். விடுப்பே எடுக்காத ஓரிருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். "கடைசியாகத் திடீரென்று விடுப்பு எடுத்த நாளில் என்ன நடந்தது?" என்பது "ஏன் விடுப்பு எடுக்கிறீர்கள்?" என்பதைவிட நூறு மடங்கு நல்ல கேள்வி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை, முன்கூட்டிக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள், ஷிஃப்ட் பட்டியலே முந்தின நாள்தான் வந்தது என்று நடந்தவை நடந்தபடி வெளிவரும். நோய் விவரம் சொன்னால் குறித்துக்கொள்ளாதீர்கள். அறிக்கைக்கு அது தேவையில்லை.

எழுதுவது

அமைப்பு வழக்கமானதுதான்: தலைப்புப் பக்கம், நிர்வாகச் சுருக்கம், பொருளடக்கம், முன்னுரை, கண்டறிந்தவை, முடிவுகள், பரிந்துரைகள், பின்னிணைப்பு. நோக்கம், எல்லை, ஆய்வு முறை, வரம்புகள் நான்கும் முன்னுரைக்குள் வரும். பின்னிணைப்பு நீங்கலாக எட்டிலிருந்து பத்துப் பக்கம் போதும். ஆனால் இந்த வரிசையில் எழுதக்கூடாது. முதலில் கண்டறிந்தவை, பிறகு முடிவுகள், பரிந்துரைகள், அதன்பின் முன்னுரை. சுருக்கத்தைக் கடைசியாக, ஒரே பக்கத்துக்குள் எழுதுங்கள். மேலிடத்தில் பலர் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டமாட்டார்கள். ஆகவே பிரச்சினையின் அளவு, முக்கியக் காரணம், நீங்கள் கேட்பது, அதற்கான செலவு ஆகிய நான்கும் அதில் இருந்தாக வேண்டும்.

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது கண்டறிந்தது, முடிவு, பரிந்துரை மூன்றையும். "மூன்று ஆண்டுக்குக் குறைவான அனுபவம் உள்ள 13 பேர் ஆளுக்குச் சராசரியாக 14.6 நாளும், மற்ற 26 பேர் 4.3 நாளும் திடீர் விடுப்பு எடுத்துள்ளனர்" என்பது கண்டறிந்தது, யார் எண்ணினாலும் அதே விடைதான் வரும். "புதியவர்களுக்கு முன்கூட்டி விடுப்பு கிடைப்பது கடினமாக இருப்பதே இதற்கு முதன்மைக் காரணமாகத் தெரிகிறது" என்பது முடிவு. நேர்காணல், கேள்வித்தாள் இரண்டின் ஆதாரமும் அதற்கு வேண்டும். "ஷிஃப்ட் பட்டியலை 14 நாள் முன்னதாக வெளியிட வேண்டும்" என்பது பரிந்துரை. கண்டறிந்தவை பகுதியில் "அலட்சியம்", "பொறுப்பின்மை" போன்ற சொற்கள் எட்டிப் பார்த்தால் அடித்துவிடுங்கள். ஊழியர் பெயர் எங்குமே வரக்கூடாது. முடிவுகள் பகுதியில் புதிய எண் எதுவும் முளைக்கக்கூடாது.

பரிந்துரை மூன்று அல்லது நான்கு இருந்தால் போதும். பன்னிரண்டு கொடுத்தால் எதுவும் நடக்காது. "தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்" என்பது யாருக்கும் வேலை வைக்காத வாக்கியம். யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், என்ன செலவு, பலித்ததா என்று எதை வைத்து அளப்பது என்பவை ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் ஆகும் செலவையும் பக்கத்தில் வையுங்கள். அந்தக் கணக்கில் கவனம் தேவை: விடுப்பு எடுத்தவரின் சம்பளம் ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கிறது; அவருக்குப் பதிலாக வந்தவருக்குக் கொடுத்த ஓவர்டைம், வெளியாள் கூலி போன்ற கூடுதல் செலவை மட்டும் சேர்க்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் நிதித் துறை முதல் பார்வையிலேயே நிராகரித்துவிடும்.

வரைபடம் இரண்டு மூன்று போதும். பட்டை வரைபடத்தின் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். 3-இல் தொடங்கினால் சின்ன வித்தியாசம் மலையாகத் தெரியும்.

கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கண்டறிந்தவை பகுதியை மட்டும் ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களிடம் காட்டி, தகவல் பிழை உண்டா என்று கேளுங்கள். கருத்தை மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டியதில்லை. எண் தவறென்று சொன்னால் சரிபாருங்கள். இதனால் கூட்டத்தில் "இந்தக் கணக்கே தப்பு" என்ற குரல் எழாது. கடைசியாக, சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் உள்ளே இருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். திருத்தத் திருத்த உள்ளே மாறிய எண், முதல் பக்கத்தில் பழையபடியே நிற்பது மிகச் சாதாரணமாக நடப்பது. சதவீதங்களைக் கூட்டினால் 99 அல்லது 101 வருகிறதா? முழு எண்ணாக்கியதால் வந்த வித்தியாசம் என்று அட்டவணைக்குக் கீழே குறிப்பு போட்டுவிடுங்கள்.