கருவாட்டுக் கொட்டகைக்கு கேஸ் ஹீட்டர்: வாங்கும் முன்பும், மக்கர் செய்யும்போதும்

மழைக்காலம் நெருங்கினால் ராமேசுவரம் தீவிலிருந்து சாயல்குடி வரை உள்ள வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றித்தான்: கேஸில் எரிந்து சூடான காற்றை ஊதும் ஹீட்டர். மனிதர்கள் குளிர்காய அல்ல, கருவாடு காய. இந்த முறை வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: பாம்பனில் நெத்திலி, சூடை காயவைத்து விற்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் சரக்கு புழு வைத்துவிடுகிறது. தார்ப்பாய்க் கொட்டகைக்குள் வைத்து ஊதுவதற்கு உருளை வடிவில் 30 கிலோவாட் கேஸ் ஹீட்டர் ஒன்றை மதுரைக் கடையில் காட்டினார்கள். புகைக்குழாய் வைத்த இன்னொன்றும் இருந்தது. சின்னதுதான், ஆனால் விலை இரண்டு மடங்கு. எதை வாங்குவது?

பதில்: கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "எரிந்த புகை எங்கே போகும்?" என்று கேளுங்கள். உருளை ஹீட்டரில் தீயின் மேலேயே காற்று ஓடும். எரிந்த வாயு முழுவதும் சூடான காற்றோடு கலந்து உங்கள் நெத்திலி மேல்தான் போய் விழும். இன்னொன்றில் தீ ஒரு தகட்டு அறைக்குள் எரியும்; காற்று அந்தத் தகட்டின் வெளிப்பக்கத்தைத் தொட்டு மட்டும் சூடாகும்; புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். விலை வித்தியாசம் அந்தத் தகட்டு அறைக்குத்தான்.

சாப்பிடும் பொருளுக்குப் புகைக்குழாய் உள்ளதே சரி. கொட்டகைக்குள் ஆட்கள் தட்டு மாற்றிக்கொண்டு நிற்பார்கள் என்பதால் கார்பன் மோனாக்சைடு பயமும் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறக்கம் என்று ஆரம்பித்து ஆளைச் சாய்த்துவிடும்.

கடைக்காரர் சொல்லாத இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். 100 கிலோ பச்சை நெத்திலியில் முக்கால் பங்கு தண்ணீர். அதை நன்றாகக் காயவைத்தால் 30 கிலோ சொச்சம் நிற்கும். ஏறக்குறைய 70 லிட்டர் தண்ணீரை விரட்டியாக வேண்டும். கொட்டகையில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இதற்குச் சுமார் 10 கிலோ கேஸ் பிடிக்கும். உருளை ஹீட்டர் என்றால், 70 லிட்டரை விரட்டுகிறேன் என்று 16 லிட்டர் ஈரத்தை நாமே கொட்டகைக்குள் விடுகிறோம்.

30 கிலோவாட் உங்களுக்கு அதிகம். மேலே சொன்ன 100 கிலோவை ஒரு ராத்திரியில், அதாவது 12 மணி நேரத்தில் முடிக்க 12 முதல் 15 கிலோவாட் போதும். 15 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 1.2 கிலோ அளவில் குடிக்கும். 19 கிலோ சிலிண்டர் ஒன்று 16 மணி நேரம் வரும். 30 கிலோவாட் என்றால் மணிக்கு 2.3 கிலோவுக்கு மேல். ஒற்றை சிலிண்டரால் அவ்வளவு வேகமாக வாயுவை விட முடியாது. சிலிண்டர் வியர்த்துச் சில்லிட்டுப்போய், பாதி கேஸ் உள்ளே இருக்கும்போதே தீ தாழ்ந்துவிடும். கேஸ் தீர்ந்தது என்று நினைத்து சிலிண்டரை மாற்றுகிறவர்கள் உண்டு. பெரிய ஹீட்டர்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து இணைக்கும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

சூடு கூடினால் சீக்கிரம் காயும் என்பதும் தப்பு. 50 டிகிரியைத் தாண்டினால் மீன் காயாது, வேகும். மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். பார்வைக்குச் சரக்கு சுக்காக இருக்கும், மூட்டையில் கட்டிய பிறகுதான் பூஞ்சை வெளியே வரும். 45 டிகிரியே போதும். மழை நாளில் 26 டிகிரி சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு ஈரப்பதம் உள்ள காற்றை 45 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் முப்பது சொச்சத்துக்கு இறங்கிவிடும். கருவாட்டைக் காயவைப்பது அந்த இறக்கம்தான். ஈரம் குடித்த காற்று வெளியேற கொட்டகையின் மேல்பக்கம் வழி விடுங்கள். நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் அது இட்லிச் சட்டி.

ஹீட்டரைக் கொட்டகைக்குள் வைக்க வேண்டாம். வெளியே கூரைக்கு அடியில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வைத்து, சூட்டை மட்டும் குழாய் வழியாக உள்ளே விடுங்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில்தான் இதை ஓட்டப்போகிறீர்கள். எனவே ஹீட்டரின் வாயும் புகைக்குழாயும் வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் பார்த்திருக்கக் கூடாது. எதிர்க்காற்று புகையை உள்ளே தள்ளிவிடும். தெற்குச் சுவரோரம் வையுங்கள், குழாய் உச்சியில் தொப்பி போடுங்கள்.

கடைசியாக ஒன்று. முழுக்கக் கேஸை நம்பி இந்தத் தொழில் கட்டுபடியாகாது. வெயில் கிடைக்கும் நேரமெல்லாம் வெயிலில் போட்டுவிட்டு, மழைக்கும் ராத்திரிக்கும் மட்டும் ஹீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வெயிலையும் கேஸையும் சேர்த்து ஓடும் உலர்த்தியை இந்தக் கணக்கில்தான் வடிவமைத்திருக்கிறது. மொத்தமாகப் பணம் போடும் முன் அந்த வடிவம் தோதுப்படுமா, மானியம் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் போன வருடம் வாங்கிய ஹீட்டர். பட்டனை அழுத்திப் பிடித்தால் பற்றுகிறது, கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. சில நாள் நன்றாக எரிந்து, கால் மணி நேரம் கழித்துத் தானாக நிற்கிறது. தீயும் ஆரஞ்சு நிறத்தில் பொறி பறக்க எரிகிறது. மெக்கானிக் "போர்டு போச்சு" என்கிறார்.

பதில்: போர்டுக்குக் காசு கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறு.

கையை எடுத்ததும் அணைவது பெரும்பாலும் தெர்மோகப்பிள் வேலை. தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில் கனக் குச்சி அது. சூடேறினால் அதில் சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். அந்தத் துளி மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. தீ அணைந்தால் குச்சி ஆறி வால்வு மூடிக்கொள்ளும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் இந்தக் குச்சியின் முனையில் வெள்ளையாக ஒரு படிவு ஏறும், மறுமுனையில் உள்ள பித்தளை நட்டு பச்சை பூத்துவிடும். சிலிண்டரை மூடி, ஹீட்டர் நன்றாக ஆறிய பிறகு, முனையை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். நட்டைக் கழற்றித் துடைத்து, விரலால் முறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்று மட்டும். பற்றவைக்கும்போது பட்டனை முப்பது விநாடி வரை விடாமல் பிடியுங்கள். அவசரப்பட்டுக் கையை எடுப்பதாலேயே பாதிப் புகார்கள் வருகின்றன. அதன் பிறகும் அணைந்தால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள். ஹீட்டரிலேயே விலை குறைந்த உதிரிகளில் அதுவும் ஒன்று.

ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக நிற்பது வேறு கதை. உள்ளே சூடு மிஞ்சினால் நிறுத்திவிடும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. ஃபேன் மெதுவாகச் சுற்றினால், அல்லது காற்று போகும் குழாய் மடங்கியிருந்தால் அது விழும். ராத்திரியில் மட்டும் நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் கரண்ட் அளவைப் பாருங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஃபேன் திணறும். பகலிலும் நின்றால் ஃபேன் இறக்கையில் படிந்த செதிலையும் தூசியையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். அந்த சுவிட்சை நேரடியாக இணைத்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆரஞ்சுப் பொறிக்குக் கடலே காரணமாக இருக்கலாம். காற்றோடு உள்ளே போகும் உப்புத்தூளில் உள்ள சோடியம் தீயில் பட்டால் அந்த நிறம் வரும். நீலத் தீக்கு நடுவே அங்கங்கே பொறி மின்னினால் கவலை இல்லை. தீ மொத்தமாக மஞ்சளாகி, சோம்பலாக ஆடி, புகைக்குழாய் வாயைத் தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது என்றால் காற்று போதவில்லை, உடனே நிறுத்துங்கள். ஹீட்டர் ஆறு மாதம் சும்மா கிடந்த பிறகு இது நிறைய வரும், பர்னரின் காற்றுத் துளைக்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். காற்றடித்து ஊதி எடுக்க வேண்டும். ஊசியை மட்டும் ஜெட்டுக்குள், அதாவது கேஸ் பீறிட்டு வரும் சின்னத் துளைக்குள், விடாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் தீயின் அளவே மாறிவிடும்.

எதைக் கழற்றி மாட்டினாலும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். உப்புநீர்த் தொட்டிக்காக வெட்டிய குழி பக்கத்தில் இருந்தால் சிலிண்டரைத் தள்ளி வையுங்கள். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 1906.

கேள்வி: கீழக்கரை. வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த ஹீட்டரை இங்குள்ள சிலிண்டரில் மாட்டலாமா? அடுப்பு ரெகுலேட்டரே போதும் என்கிறார்கள்.

பதில்: பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். இயற்கை எரிவாயுவுக்கு என்று இருந்தால் வேண்டாம். அதன் ஜெட் துளை பெரிது; நம் சிலிண்டர் வாயுவில் அதே கன அளவுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் சூடு இருக்கிறது. தீ பெருத்துக் கரி கக்கும். எல்பிஜிக்கு உரியதுதான் என்றாலும் அடுப்பு ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார் அழுத்தம். ஊதும் ஹீட்டர்கள் பலவும் 700 முதல் 1,500 மில்லிபார் வரை கேட்கும். தகட்டில் என்ன எண் இருக்கிறதோ அந்த அழுத்தத்துக்கான ரெகுலேட்டரும் அதைத் தாங்கும் ட்யூபும் வேண்டும். 110 வோல்ட் ஃபேனா என்றும் பார்த்துவிடுங்கள், 'ஃபாரின் சாமான்' பாதி இதில்தான் புகைந்துபோகிறது.

கேள்வி: வீட்டு சிலிண்டரைக் கருவாட்டு ஹீட்டருக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும். தொழிலுக்கு 19 கிலோ சிலிண்டர்தான். பிடிபட்டால் பறிமுதல், வழக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். வாங்கும்போது சிலிண்டரின் கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் ஆங்கில எழுத்தும் வருடமும் இருப்பதைப் பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி, சி, டி அடுத்தடுத்த மூன்று மாதங்கள். அந்தக் காலத்துக்குள் மறுசோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர் அது. தேதி கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: தொண்டியில் நானும் என் வீட்டுக்காரரும் கருவாடு தொழில் செய்கிறோம். ஹீட்டர் வாங்கி நாலு மாதத்தில் உள்ளே இருக்கும் தகட்டு அறை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கடையில் "கடலோரத்துக்கு வாரண்டி இல்லை, தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார்கள்.

பதில்: முதலில் ஹீட்டரை ஓட்டுவதை நிறுத்துங்கள். ஓட்டை விழுந்த அறை வழியாகப் புகை சூடான காற்றோடு கலக்கும்.

கடைக்காரர் சொன்ன இரண்டாவது விஷயம் பாதி உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதே பிரிவின் விளக்கத்தில், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் தான் பயன்படுத்த வாங்கிய பொருள் அந்த விலக்கில் சேராது என்றும் இருக்கிறது. குடும்பமாக நின்று கருவாடு போடும் உங்களுக்கு இந்த விளக்கம் கைகொடுக்கும். இருபது பேரைக் கூலிக்கு வைத்து ஏற்றுமதி செய்கிறவர் இதைச் சொல்லித் தப்புவது சிரமம்.

'கடலோரத்துக்கு இல்லை' என்பது வாரண்டி அட்டையில் அச்சாகி இருக்கிறதா? இல்லையென்றால் அது கடைக்காரரின் வாய்ச்சொல். இருந்தாலும், எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு என்று தெரிந்தே விற்றார் என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். பில்லில் உள்ள தொண்டி முகவரி, வாங்கும் முன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் உதவும். துருவை நல்ல வெளிச்சத்தில், வரிசை எண் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பல வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. கோளாறு வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

கேள்வி: திருப்புல்லாணி பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறோம். நம் வெக்கைக்கு கேஸ் ஹீட்டர் தேவையா?

பதில்: முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும். மார்கழி ராத்திரியில் உங்கள் ஊரிலும் அவ்வளவு இருக்காது. ஆனால் நூறு இருநூறு குஞ்சுக்கு பல்பே போதும். ஆயிரத்துக்கு மேல் போனாலோ கரண்ட் அடிக்கடி போனாலோ கேஸ் புரூடரை, அதாவது குஞ்சுக்குச் சூடு தரும் கேஸ் ஹீட்டரைப் பற்றி யோசியுங்கள். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஹீட்டருக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம். புரூடரிலும் புகை உள்ளேயேதான் நிற்கும் என்பதால் சாக்குத் திரையை அடி முதல் முடி வரை மூடாமல், மேலே ஒரு சாண் திறந்தே விடுங்கள்.