பத்தாம் வகுப்புக்குப் பிறகு எங்கே சேர்ப்பது? ஒரு தாயாருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

சென்ற வாரம் நீங்களும் உங்கள் கணவரும் மகனை அழைத்துக்கொண்டு கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது, நேரத்தின் பெரும்பகுதி உங்கள் அண்ணன் சென்னையிலிருந்து தொலைபேசியில் சொன்னதைக் கேட்பதிலேயே கழிந்துவிட்டதால், என் கருத்தை எழுத்தில் தருகிறேன். பத்தாம் வகுப்பில் உங்கள் மகன் பெற்றிருக்கும் 412 மதிப்பெண் அழ வேண்டிய மதிப்பெண் இல்லை. கணிதத்தில் 91 நன்றாகவே இருக்கிறது. ஆறுதலாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஜே.இ.இ. பயிற்சியுடன் கூடிய விடுதிப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள், அதன் பிறகு எந்தக் கல்லூரியானாலும் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் என்று உங்கள் அண்ணன் வகுத்திருக்கும் திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

காரணத்தைச் சொல்வதற்கு முன், நீங்கள் குற்றச்சாட்டாகக் கொண்டுவந்த அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்கள் கணவரின் ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களைச் சேமித்து வைத்திருந்த தீகஸ் என்2100 என்ற பழைய பிணையச் சேமிப்புக் கருவியில் மகன் கைவைத்து, அது எழும்பாமல் போய்விட்டது என்பதும், பதினொரு நாள் ராத்தூக்கம் இல்லாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான் என்பதும் உங்கள் புகார். அவன் என்னிடம் நீட்டிய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகு, அதே சம்பவத்தை நான் அவனுக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கருவியில் இரண்டு வட்டுகள் உண்டு. படங்கள் அவற்றில் இருக்கின்றன. அவை தவிர, பலகையில் 16 மெகாபைட் அளவுள்ள ஃபிளாஷ் நினைவகச் சில்லு ஒன்று உண்டு. கருவியை எழுப்பும் ரெட்பூட் என்ற துவக்க நிரல், இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல், துவங்கும்போது நினைவகத்தில் ஏற்றப்படும் கோப்புத் தொகுப்பான ராம்டிஸ்க் ஆகியவை அதில் தனித்தனிப் பகுதிகளாக இருக்கும். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற பட்டியல் அதே சில்லில் ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவ முயன்றபோது உங்கள் மகன் 'ஃபிஸ் இனிட்' என்ற கட்டளையைக் கொடுத்து, தொடரலாமா என்று கருவி கேட்ட கேள்விக்கு 'ஒய்' அழுத்திவிட்டான். பட்டியல் புதிதாக எழுதப்பட்டு, கர்னலும் ராம்டிஸ்க்கும் பெயர் இல்லாமல் போயின. ஆனால் அந்தக் கட்டளையோடு 'எஃப்' என்ற கூடுதல் குறியை அவன் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் துவக்க நிரல் தவிர எல்லாமே அழிக்கப்பட்டிருக்கும். இப்போது அழிந்தது பட்டியல் மட்டும், சரக்கு அப்படியே இருந்தது. பத்திரப் பதிவேட்டில் பக்கம் கிழிந்துவிட்டால் நிலம் காணாமல் போய்விடாது இல்லையா, அதைப் போல.

இதை அவன் எப்படிக் கண்டுகொண்டான் என்பதுதான் எனக்கு முக்கியம். மின்சாரம் கொடுத்த சில நொடிகளுக்குள் வேறு கணினியிலிருந்து பிணையம் வழியே கட்டளை கொடுக்க உதவும் டெல்நெட் மூலம் 9000 என்ற போர்ட்டில் ரெட்பூட்டைப் பிடித்து, நினைவகத்தைத் துண்டு துண்டாக அச்சிட வைத்து, எழுதப்படாத இடம் முழுவதும் 'எஃப்எஃப்' என்றே இருக்கும் என்பதைக் கொண்டு வெற்றிடங்களை ஒதுக்கியிருக்கிறான். '1எஃப் 8பி' என்ற இரண்டு பைட்டில் தொடங்கும் இடத்தில் ஜிசிப் முறையில் சுருக்கப்பட்ட ராம்டிஸ்க் இருக்க வேண்டும் என்றும், ஒரே நான்கு பைட் கட்டளை எட்டு முறை அடுத்தடுத்து வரும் இடத்தில் ஆர்ம் வகைச் செயலிக்கான கர்னல் தொடங்குகிறது என்றும் அடையாளம் கண்டிருக்கிறான். பகுதிகளுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதை, கருவியின் அமைப்புகளில் அழியாமல் மிஞ்சியிருந்த துவக்கக் கட்டளை வரிகளிலிருந்து எடுத்திருக்கிறான். நோட்டில் பென்சிலால் நான்கு பத்தி: பெயர், தொடக்கம், நீளம், ஆதாரம். ராம்டிஸ்க்கின் நீளம் இரண்டு முறை ரப்பரால் அழிக்கப்பட்டு மூன்றாவது முறை எழுதப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "பிளாக் எல்லையில முடியணும் சார், முதல்ல அதை மறந்துட்டேன்" என்றான். ஃபிளாஷ் நினைவகம் பிளாக் என்ற துண்டு துண்டாகத்தான் அழிக்கப்படும். கடைசியில் 'ஃபிஸ் கிரியேட்' கட்டளையை, ஃபிளாஷில் இருக்கும் சரக்கைத் தொடாமல் பட்டியலை மட்டும் திருத்தும் 'என்' குறியோடு கொடுத்து மீட்டிருக்கிறான். ரெட்பூட் இருக்கும் பகுதியை அவன் தொடவே இல்லை, ஏனென்றால் அது போனால் பலகையின் சில்லுகளோடு நேரடியாகப் பேசும் ஜேடேக் கம்பி இணைத்துத்தான் மீட்க முடியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டு வட்டுகளையும் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டான். உங்கள் கணவரின் படங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆபத்து இருந்ததில்லை.

ஒரு பெட்டியைத் திருத்தியதால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் முடிவாகிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் யாரும் மதிப்பெண் போடாத வேலையில் பதினொரு நாள் நின்றிருக்கிறான், செய்த தவற்றை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறான், கணினித் திரைக்குள் இருப்பதைவிடப் பலகைக்கும் நிரலுக்கும் இடையில் இருப்பதைத் தேடிப் போகிறான். இந்த நாட்டம் உள்ளவனை விடுதியில் அடைத்துக் காலை ஐந்து மணி முதல் வினாத்தாள் போட வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதினோராம் வகுப்புப் பிரிவுகளையும் பொறியியல் கலந்தாய்வையும் பற்றி உங்கள் அண்ணனே போதுமான அளவு சொல்லிவிட்டார். அவர் ஒரு சொல்கூடச் சொல்லாத வழி, அரசு அல்லது அரசு உதவி பெறும் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் டிப்ளமோ. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே சேரலாம். மூன்று ஆண்டுகள், ஆறு செமஸ்டர். முடித்தவுடன் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கான தனிக் கலந்தாய்வு வழியே பி.இ. சேர்ந்தால் மேலும் மூன்று ஆண்டுகள். ஆக மொத்தம் ஆறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நான்கு ஆண்டு பி.இ. படித்தாலும் அதே ஆறுதான். "பையனுக்கு வருஷம் வீணாகும்" என்று உங்கள் அண்ணன் சொன்னது கணக்கில் நிற்காது. பாடத்திட்டம் அவ்வப்போது மாறினாலும், டிஜிட்டல் மின்னணுவியல், மைக்ரோகன்ட்ரோலர், கணினி வன்பொருள் பழுதுநீக்கம் போன்றவற்றைப் பதினாறு, பதினேழு வயதிலேயே ஆய்வகத்தில் கையால் செய்யும் வாய்ப்பு இந்த வழியில் கிடைக்கும். முதல் வகுப்பில் தேறிய டிப்ளமோக்காரர்கள் இஸ்ரோவின் தொழில்நுட்ப உதவியாளர் பணிக்கும் ரயில்வேயின் இளநிலைப் பொறியாளர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். பி.இ. முடித்த பிறகு இதே துறையில் ஆழமாகப் போக விரும்பினால், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் எம்பெடட் (கருவிகளுக்குள் பொதிந்த கணினி) முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் என்ற கதவு இந்த வழியில் அடைபடும். அவனுக்கு அதில் விருப்பம் இல்லை என்பதை அவனே சொன்னான். டிப்ளமோ கணிதம் மேல்நிலைக் கணிதத்தைவிட இலகுவானது என்பதால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராக நுழைபவர்கள் முதல் செமஸ்டரில் திணறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை இந்த மூன்று ஆண்டுகளிலும் அவன் வீட்டில் படித்து வர வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்தால், 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்காகப் பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே முடிக்கட்டும் என்று சொல்லியிருப்பேன். தனியார் பள்ளியில் படித்ததால் அந்த யோசனைக்கே இடமில்லை.

பணத்தைப் பற்றி நான் கறாராகவே பேசுவேன். அரசுப் பாலிடெக்னிக்கில் ஓர் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். விடுதிப் பள்ளிக்கு நீங்கள் சொன்ன தொகை லட்சங்களில் இருக்கிறது, அதற்கு உங்கள் தாலிச் சங்கிலியைத் தவிர மற்ற நகைகளையெல்லாம் அடகு வைப்பதாகச் சொன்னீர்கள். வைக்காதீர்கள். கல்யாணச் சீசனை நம்பி ஓடும் ஸ்டுடியோ வருமானத்தில் வட்டி கட்டிக்கொண்டு, பிள்ளை கேட்காத ஒரு படிப்பை வாங்கித் தருவதற்கு எந்த நியாயமும் இல்லை. உங்கள் அண்ணன் மனம் வருந்துவார் என்றால் அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டப் போவது அவர் இல்லை, படிக்கப் போவதும் அவர் இல்லை.

திருச்சி சேஷசாயி போன்ற உதவி பெறும் நிறுவனங்களும் பட்டியலில் இருக்கட்டும். விண்ணப்பிக்கும் முன் இரண்டு கல்லூரிகளையாவது நேரில் போய்ப் பாருங்கள். முதல்வர் அறையில் உட்காராமல் மின்னணு ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆசிலாஸ்கோப்புகளின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டுத் தூசி படிந்திருந்தால் வேறு கல்லூரிக்குப் போகலாம், சால்டரிங் அயர்ன் நுனி கறுத்துத் தேய்ந்திருந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று பொருள். விருப்ப வரிசையில் மின்னணுவியலை முதலாவதாகவும் கணினிப் பொறியியலை இரண்டாவதாகவும் குறிப்பிடுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை அவன் கூடவே எடுத்துப் போகட்டும்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: பெட்டி மீண்டும் எழும்பிவிட்டது என்றாலும் வட்டுகள் இரண்டும் பழையவை. அவற்றை உள்ளே மாட்டுவதற்கு முன், படங்கள் முழுவதையும் ஒரு புதிய வட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும். அந்த வேலையை மகனிடமே கொடுங்கள்.