ஒரு தடவை வந்த பிள்ளைகள் மறுபடி ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் கால்பந்து கிளப்பின் செயலாளர் நான். கேலரியில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். பள்ளிகளுக்கு இலவச டிக்கெட் கொடுத்தோம். அன்றைக்குக் கூட்டம் வந்தது, அடுத்த மேட்சுக்கு ஒருவரையும் காணோம். இன்ஸ்டாகிராமிலும் விடாமல் போடுகிறோம். சின்னவர்களை எப்படி இழுப்பது? மாஸ்காட் வேஷம் ஒன்று, அதாவது கிளப்பின் அடையாளமாக ஓர் ஆள் போட்டுக்கொண்டு வரும் பொம்மை உடை, வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. வாங்கலாமா?

பதில்: மாஸ்காட் கடைசியில். முதலில் அந்த இலவச டிக்கெட்.

நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு கிளப்பிலும் இதே கதைதான். மூன்று பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வரிசையாக உட்கார வைத்தார்கள். மேட்ச் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. யார் ஆடினார்கள் என்று கேட்டிருந்தால் ஒரு பேர்கூடத் தேறியிருக்காது. ஆனால் அதே நாள், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கம்பியோரம் அப்பாவோடு ஒரு சிறுமி நின்றிருந்தாள். வார்ம்-அப்பில் பந்து வெளியே வந்து விழ, எடுத்து வீசினாள். கோல்கீப்பர் கையுறையைத் தூக்கிக் காட்டி, "உன் பேர் என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் அவர் பேரைச் சொல்லிக் கத்தினாள். அடுத்த ஹோம் மேட்சுக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

டிவியில் வரும் நட்சத்திரம் யாரும் அவள் பேரைக் கேட்கப் போவதில்லை. உங்களிடம் இருக்கிற சரக்கு இதுதான். ஒவ்வொரு ஹோம் மேட்சும் முடிந்ததும் இரண்டு வீரர்கள் கம்பியோரம் பத்து நிமிஷம் நிற்கட்டும், முறை வைத்து. காயம்பட்டு ஆடாதவர்களும் நிற்கலாம். சீசன் தொடங்கும் முன்பே கோச்சிடம் பேசி முடித்துவிடுங்கள். தோற்ற அன்றைக்குப் போய்க் கேட்டால் காரியம் நடக்காது.

டிக்கெட்டை மொத்தமாகப் பள்ளிக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். பெரியவர் ஒருவர் டிக்கெட் வாங்கினால் கூட வரும் பிள்ளைக்கு இலவசம், அதே சீட்டு அடுத்த ஹோம் மேட்சுக்கும் செல்லும் என்று வையுங்கள். அந்தச் சீட்டு எத்தனை திரும்பி வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள். முதல் நாள் கூட்டத்தை வைத்துக் கமிட்டியில் பெருமை பேசிக்கொள்ளலாம், வேறொன்றுக்கும் ஆகாது.

மெயின் மேட்சுக்கு முன்னால் பத்து வயதுக்குட்பட்டவர்களை ஆட விடுங்கள், ஐந்துக்கு ஐந்து. பெண் பிள்ளைகள் அணியும் கட்டாயம். ஆடுகிற ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு குடும்பம் வரும். இடைவேளையின் 15 நிமிஷத்தையும் அவர்களுக்கே கொடுக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் கணக்கு வைக்கவே 13 வயது ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கான சேதி அம்மா அப்பாவின் வாட்ஸ்அப்புக்குத்தான் போக வேண்டும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது கேட் எப்போது திறக்கும், எத்தனை மணிக்கு முடியும், கழிப்பறை சுத்தமாக இருக்குமா என்பதுதான். கழிப்பறையை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது சரியில்லாமல் திரும்பி வராத குடும்பங்கள் உண்டு.

பதின்பருவத்தினர் சங்கதி வேறு. அவர்கள் அப்பாவோடு வர மாட்டார்கள், கூட்டாளிகளோடு வருவார்கள். யூனியன் பெர்லின் கிளப்பில் 2003இல் கிறிஸ்துமஸுக்கு முன்பு 89 ரசிகர்கள் யாரையும் கேட்காமல் மைதானத்துக்குள் புகுந்து பாட்டுப் பாடினார்கள். கிளப் அவர்களைப் பகைத்துக்கொள்ளவில்லை. இன்று அதே பாட்டு நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 28,000 பேர் கூடுகிறார்கள். உங்கள் பையன்களுக்கும் பெண்களுக்கும் கோலுக்குப் பின்னால் ஒரு மூலையை ஒதுக்குங்கள். டிரம் அடிக்கட்டும், பேனர் எழுதட்டும். வசைப்பாட்டும் பட்டாசும் கூடாது என்பதோடு உங்கள் சட்டம் நிற்கட்டும். ரீல்ஸ் வேலையையும் அவர்களிடமே தள்ளிவிடுங்கள். கமிட்டி எடுக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கின்றன.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் படம் போடக் கூடாது. வீரர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பவே கூடாது.

இத்தாலியின் பெர்கமோவில் அட்டலாண்டா கிளப் 2010 முதல் அந்த ஊரில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குட்டி ஜெர்சி பரிசளிக்கிறது. அழகான யோசனை. எட்டு வருஷம் காத்திருக்கப் பொறுமை இருந்தால் நீங்களும் செய்யலாம்.

இனி மாஸ்காட். ஜெர்மனியின் கொலோன் கிளப்புக்கு 1950இல் ஒரு சர்க்கஸிலிருந்து வேடிக்கையாக ஓர் ஆட்டுக்கடாவைக் கொடுத்தார்கள். அப்போதைய பயிற்சியாளர் ஹென்னஸ் வைஸ்வைலரின் பேரையே அதற்கு வைத்தார்கள். ஒன்று போனால் இன்னொன்றுக்கு அதே பேர். இப்போது ஆட்டுக்கடா கிளப் சின்னத்திலேயே ஏறி நிற்கிறது. கேட்லாக்கில் பார்த்து வாங்கும் சிங்கத்துக்கு இப்படி ஒரு கதை கிடையாது. ஆகவே இந்த சீசன் வேண்டாம். கம்பியோரம் நிற்கிற பிள்ளைகள் தாங்களாகவே எதையாவது கிளப்போடு முடிச்சுப் போட்டு, அதற்கு ஒரு பட்டப்பேரும் வைத்தால் அப்போது தையல்காரரைக் கூப்பிடுங்கள். கூடவே, வேஷத்துக்குள் வேகப்போகிறவருக்கு அடிக்கடி தண்ணீர் கொடுக்க ஓர் ஆளையும் போட்டுவிடுங்கள்.